ராமேஸ்வரத்துல தனியா இருக்கேன், இன்னிக்கு தொட்டதெல்லாம் தப்பாப் போச்சுங்க

நூல்கண்டு (திருப்பூர்) – சனி இரவு 7:52

எல்லாருக்கும் வணக்கமுங்க. இத்தனை நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. எனக்கு 29 வயசு, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். மூணு நாள் லீவு போட்டு ராமேஸ்வரம் தனியா வந்திருக்கேன். தனியா வெளியூர் வர்றது வாழ்க்கைலயே இப்பதான். இதுக்கு வீட்ல அம்மா, அண்ணன்கூட ஒரு மாசமா சண்டை போட்டு "எனக்கு எல்லாம் பாத்துக்கத் தெரியும்"னு சொல்லிட்டு வந்தேன்.

காலைல ஆறு மணிக்கு வந்து இறங்குனேன். ஆன்லைன்ல காசு கட்டி புக் பண்ண லாட்ஜுல அந்த ஆளு என்னைப் பாக்காம எனக்குப் பின்னாடி எட்டிப் பாத்தாரு, "கூட யாரும்மா வந்திருக்கா"ன்னாரு. யாரும் இல்லைன்னேன். தனி லேடீசுக்கு ரூம் குடுக்குறதில்லையாம், கட்டுன காசை ஆன்லைன்ல கேட்டுக்கணுமாம். பையைத் தூக்கிட்டு இன்னும் மூணு இடத்துல ஏறி இறங்கி நாலாவது இடத்துல ரெண்டு மடங்கு வாடகைக்குக் குடுத்தாங்க. சரி போகட்டும்னு அக்னி தீர்த்தம் போய் முங்குனேன், போன் இடுப்புப் பைக்குள்ள இருந்தது நெனப்பே இல்ல. ஸ்கிரீன்ல பச்சையா கோடு வந்துச்சு, அப்புறம் ஆஃப் ஆயிருச்சு. அழுதுட்டே 22 தீர்த்தத்துக்கும் போனேன், நடுவுல ஈரக் கல்லுல வழுக்கி முட்டில அடி. ஈரத் துணியோட சாமி பாக்க விட மாட்டாங்கன்னு ரூமுக்கு வந்து மாத்திட்டுப் போறதுக்குள்ள ஒரு மணி ஆகி நடை சாத்திட்டாங்க. திரும்பி வந்து கட்டில்ல உக்காந்தவதான், இப்ப வரைக்கும் அப்படியே இருக்கேன். கைல 340 ரூபா இருக்கு, ஏடிஎம் கார்டு ஊர்ல, எல்லாமே போன்லதான் இருந்துச்சு. ஆபீஸ் லேப்டாப் இருக்கறதால லாட்ஜ் வைஃபைல இதை எழுதுறேன்.

நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸைப் புடிச்சு ஊருக்கே போயிடலாமா? ஆனா போனா "நாங்க அப்பவே சொன்னோம்ல"ன்னு சொல்லுவாங்க, அதை நெனச்சாலே தொண்டை அடைக்குது. இந்த மாதிரி நாளை நீங்கெல்லாம் எப்படித் தாண்டுவீங்க, சொல்லுங்க.

பாம்பன்காரன் – சனி இரவு 8:04

தங்கச்சி, காலைல இருந்து என்ன சாப்பிட்டீங்க? எழுதுனதுல சாப்பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே. மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல எந்திரிச்சு நல்ல தண்ணில தலைக்கு ஊத்துங்க. உப்புத் தண்ணி, அதுமேல இப்ப தென்மேக்குல இருந்து அடிக்கிற கச்சான் காத்து, ரெண்டும் சேந்தா ஒடம்பே வரவரன்னு இழுத்துப் புடிக்கும், தலை வலிக்கும், காரணமே இல்லாம எரிச்சல் வரும். இங்க கடல்ல கெடந்து வளந்த நாங்களே வீட்டுக்கு வந்தா மொத வேலை உப்பைக் கழுவுறதுதான். கழுவிட்டு ரத வீதிப் பக்கம் போங்க, கோயில் கூட்டம் இருக்கிறவரை கடை இருக்கும், வெளிச்சம் இருக்கும், பயமில்லை. ரெண்டு இட்லி, ஒரு சுக்குக் காபி போதும்.

போனை ஆன் பண்ணிப் பாக்காதீங்க, சார்ஜும் போடாதீங்க. கடத்தண்ணி உள்ள இருக்கும்போது கரண்டு போனா போர்டு அரிச்சிரும். அரிசில போட்டு வைக்கச் சொல்லி யாராச்சும் வருவாங்க, அதுல ஒண்ணும் ஆகாது. சிம்மை மட்டும் வெளிய எடுத்து நல்ல தண்ணி தொட்டுத் தொடச்சுக் காய வைங்க.

மருந்துப்பை – சனி இரவு 8:15

நான் மெடிக்கல் ரெப், மதுரைல இருந்து பரமக்குடி, ராம்நாடு, ராமேஸ்வரம் லைன் பதினெட்டு வருஷமா ஓடுறேன். தனியா லாட்ஜுல மோசமான ராத்திரிகள் நிறையப் பாத்தவன்ங்கிறதால சொல்றேன், இன்னிக்கு ராத்திரி எந்த முடிவும் எடுக்காதீங்க. ஊருக்குப் போறதா இருக்கிறதாங்கிற கேள்வியே நாளைக்குக் காலைல டிபன் சாப்பிட்ட பெறகுதான். பஸ் எங்கயும் ஓடிறாது, மதுரைக்கு ராத்திரி பகல்னு போய்க்கிட்டேதான் இருக்கும்.

பணத்துக்கு வழி: காஞ்ச சிம்மை லாட்ஜ் மேனேஜர் போனுல பத்து நிமிஷம் போட்டுத் தரச் சொல்லுங்க. லேப்டாப்புல நெட்பேங்கிங் திறந்தா ஓடிபி அந்தப் போனுக்கு வரும், லாட்ஜ் கணக்குக்கு ரெண்டாயிரம் அனுப்பிட்டு கேஷா வாங்கிக்கங்க. ஓடிபியை நீங்களே பாத்து டைப் பண்ணணும், முடிஞ்ச கையோட சிம்மைக் கழட்டிரணும்.

அந்த மொத லாட்ஜுக்காரர் செஞ்சது தப்பு. தனியா வர்ற பொம்பளைக்கு ரூம் குடுக்கக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் கிடையாது. கோயில் ஊர்ல தனியா வர்றவங்க ரூமுக்குள்ள ஏதாச்சும் பண்ணிக்குவாங்கன்னு ஒரு பயம் அவங்களுக்கு, ஆம்பளைங்களையே தனியா வந்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. அந்தப் பயத்துக்கு நீங்க பொறுப்பில்ல. புக் பண்ண இடத்துக்கு இப்பவே மெயில் போட்டு ரீஃபண்டு கேளுங்க, தரலைன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915.

வீட்டுக்கு இன்னிக்குச் சொல்லாதீங்கங்கிறதுதான் என் கருத்து. அழுற குரல்ல பேசினா அவங்களும் பதறுவாங்க, நீங்களும் "கிளம்பி வா"ன்னு சொன்னதுக்குத் தலையாட்டிருவீங்க.

அடம்புக்கொடி – சனி இரவு 8:21

மருந்துப்பை அண்ணா, மத்ததெல்லாம் சரி, கடைசில சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். தோழி, உங்க போன் எத்தனை மணிக்கு ஆஃப் ஆச்சு? காலைல ஏழு எட்டு மணின்னு வைங்க. இப்ப ராத்திரி எட்டரை ஆகப்போகுது. பன்னெண்டு மணி நேரமா உங்கம்மா கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃப்னு வருது. தனியா போயே தீருவேன்னு சண்டை போட்டுக் கிளம்பின பொண்ணு, கடல் இருக்கிற ஊரு, போன் எடுக்கல. அங்க அவங்க நெலமை எப்படி இருக்கும்? யாரு சொன்னது சரி, யாரு ஜெயிச்சாங்கங்கிறதெல்லாம் இங்க வேலைக்கு ஆகாது. ரிசப்ஷன்ல போன் வாங்கி ஒரு நிமிஷம் பேசுங்க. அம்மா நம்பர் மனப்பாடமா இருக்குல்ல?

மருந்துப்பை – சனி இரவு 8:24

நீங்க சொன்னதுதாம்மா சரி. போன் செத்துக் கெடக்குதுங்கிறதை நான் பணத்துக்கு மட்டும் யோசிச்சேன், வீட்டுப் பக்கம் யோசிக்கல. உடனே பேசுங்க, மேல நான் எழுதினதை விட்டுருங்க.

கீழக்கரை லாத்தா – சனி இரவு 8:40

புள்ள, படிச்சு மனசு கேக்கல. எனக்கு நடந்ததைச் சொல்றேன். கல்யாணமாகி ரெண்டாவது வருஷம் மச்சான் துபாய்ல இருந்தாக, விசாவுக்கு மெடிக்கல் எடுக்க நான் மெட்ராஸ் போவணும், கூட வர்றதா சொன்ன வாப்பாவுக்குக் காச்சல், நான் ஒத்தைல போயிட்டேன். எழும்பூர்ல இறங்கி ஆட்டோல ஏறுனா அவன் எங்கெங்கயோ சுத்தி முன்னூறு ரூவா புடுங்கிட்டான், போன எடத்துல பேப்பர் ஒண்ணு கொறையுது நாளைக்கு வான்னுட்டாக, மழை வேற, புர்காவெல்லாம் முழங்கால் வரைக்கும் சகதி. திரும்ப எழும்பூர் ஸ்டேசனுக்கே வந்து பொம்பளைங்க வெயிட்டிங் ரூம்ல உக்காந்தேன். யாருகிட்டயும் பேச வரல, அழுகையும் வரல, கல்லு மாதிரி இருந்துச்சு.

பக்கத்துல ஒரு வயசான அம்மா அவுக பையைத் தொறந்து ஒவ்வொரு துணியா எடுத்து உதறி மடிச்சு மடிச்சு வச்சுக்கிட்டு இருந்தாக, அதைப் பாத்து நானும் என் பையைத் தொறந்தேன். நனைஞ்சது ஒரு பக்கம், காஞ்சது ஒரு பக்கம், உம்மா வச்சு விட்ட தொதலு, எங்க ஊரு இனிப்பு, அந்த டப்பா அடியில கெடந்துச்சு, அதுவரைக்கும் அது இருக்குறதே ஞாபகம் இல்ல. ஒரு துண்டு வாயில போட்டேன், அந்த அம்மாவுக்கு ஒரு துண்டு குடுத்தேன். கருப்பட்டியும் தேங்காப்பாலும் நாக்குல பட்ட உடனே அழுகை வந்துச்சு பாரு, அப்படி ஒரு அழுகை. அந்த அம்மா ஒண்ணுமே கேக்கல, தண்ணி பாட்டில மட்டும் என் பக்கம் தள்ளி வச்சாக. பேப்பரு மறுநாள் மதியம் கெடச்சிருச்சு.

உன் பையைத் தொறந்து ஈரத்தை எல்லாம் எடுத்துக் காயப் போடு. சாப்பிட்டியான்னு எழுது, நான் முழிச்சிருக்கேன்.

வடகடல் – சனி இரவு 8:58

ஒண்ணு நேராக் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அழுதுக்கிட்டே இருக்கேன், கட்டில்ல இருந்து எந்திரிக்கலைன்னு எழுதிருக்கீங்க. மனசுக்குள்ள வேற மாதிரி எண்ணம் ஏதாவது ஓடுதா? ஓடுச்சுன்னா 14416க்கு கூப்பிடுங்க, டெலிமானஸ்னு அரசாங்க மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. லாட்ஜுல யாராவது கதவைத் தட்டித் தொந்தரவு பண்ணினா பெண்கள் உதவி எண் 181, இல்ல அவசர எண் 112. போன் இல்லாட்டி கீழ ரிசப்ஷன்ல இருந்தே கூப்பிடலாம்.

நூல்கண்டு – சனி இரவு 10:10

எல்லாருக்கும் நன்றிங்க. வடகடல் அண்ணா, அந்த மாதிரி எண்ணம் எதுவும் இல்லீங்க, நெஜமாத்தான் சொல்றேன். அவமானமா இருந்துச்சு, அவ்வளவுதான். ஆனா நீங்க கேட்டது நல்லா இருந்துச்சு, இன்னிக்கு நாள் பூரா என்னை அப்படி யாரும் ஒண்ணும் கேக்கல.

அடம்புக்கொடி அக்கா சொன்னதைப் படிச்சதும் பகீர்னு ஆயிருச்சு. போன் செத்ததுல எனக்கு என்ன போச்சுன்னே நெனச்சுட்டு இருந்திருக்கேன், அந்தப் பக்கம் ஒருத்தங்க கூப்பிட்டுட்டே இருப்பாங்கன்னு தோணவே இல்ல. கீழ போய் மேனேஜர்கிட்ட போன் வாங்கிப் பேசினேன். அம்மா பத்து மணில இருந்து கூப்பிட்டிருக்காங்க, நான் புக் பண்ண லாட்ஜ் பேரை அண்ணன்கிட்ட எழுதிக் குடுத்திருந்தேன், அவன் அங்க போன் பண்ணினா "அப்படி யாரும் வரலையே"ன்னு சொல்லிருக்காங்க. அண்ணன் மதுரை பஸ்ல ஏறி திண்டுக்கல் தாண்டிட்டான். அம்மா என்னைத் திட்டல, "முட்டி ரொம்ப வீங்கியிருக்கா"ன்னுதான் கேட்டாங்க. அப்புறம் அண்ணனுக்குப் பேசினேன், ரெண்டு நிமிஷம் கத்தினான், நான் கேட்டுட்டே இருந்தேன். வரட்டான்னு கேட்டான், வேண்டாம், நாளைக்குச் சொல்றேன்னேன். மேனேஜர் நம்பருக்கு மூவாயிரம் போட்டு விட்டுட்டு மதுரைல இறங்கித் திரும்பறான்.

இட்லி சாப்பிட்டேன் பாம்பன் அண்ணா, நாலு. லாத்தா, துணியெல்லாம் ஜன்னல் கம்பில காயுது, காத்து அடிக்கிற அடிக்கு அரை மணி நேரத்துல மொறுமொறுன்னு ஆயிருச்சு. தொதல் எங்க கிடைக்கும்?

கீழக்கரை லாத்தா – சனி இரவு 10:16

எங்க ஊருலதான் தங்கம், ராம்நாட்டுல எறங்கி பஸ் மாறணும். ஊருக்குத் திரும்பறப்ப நேரம் இருந்தா வா. இப்ப ஒறங்கு.

அலைவாய் – ஞாயிறு காலை 6:30

இப்பதான் படிச்சேன். இன்னிக்கு தனுஷ்கோடி போயிருங்க. கடைசில இருக்கிற அரிச்சல்முனைல ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், ஒரு பக்கம் அலையடிக்கிற ஆண் கடல், அங்க போய் நின்னா எல்லாம் மறந்துரும்.

வடகடல் – ஞாயிறு காலை 6:55

அலைவாய், நான் இதை ஏத்துக்க மாட்டேன். தனுஷ்கோடி அழகான எடம்தான், நான் குறை சொல்லல. ஆனா மனசு அடிபட்டுக் கெடக்கும்போது ஒத்தைல போற எடம் இல்ல, அதுவும் கச்சான் காலத்துல. மணல் முகத்துல ஊசி மாதிரி குத்தும், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, சுத்தி எங்க பாத்தாலும் 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் விட்டுட்டுப் போன சுவர்தான், சர்ச்சும் ஸ்டேஷனும் தண்ணித் தொட்டியும். குடும்பமா செல்ஃபி எடுக்குறவங்க நடுவுல தனியா நின்னா தனியா இருக்கிறது ரெண்டு மடங்காத் தெரியும்.

எனக்கு வேலை போன அன்னிக்கு அங்க போனேன். உச்சி வெயில்ல, வெறும் வயித்தோட, கையில தண்ணி கூட இல்லாம. நடந்து நடந்து கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஒரு ஓலைக் குடிசை வாசல்ல இருந்த ஆச்சி கூப்பிட்டு உக்கார வச்சாங்க. குடிசைக்குப் பின்னாடி மணல்ல ஒரு குழி, முழங்கை ஆழம்கூட இருக்காது, கடல் அந்தா கூப்பிடு தூரத்துல கெடக்கு. அதுக்குள்ள கொட்டாங்கச்சிய விட்டு மெதுவா, அடி கலங்காம, அரை அரையா மொண்டு ஒரு சொம்புல ஊத்தினாங்க. சொம்பு நிறைய அஞ்சு நிமிஷம் ஆச்சு, அவங்க அவசரமே படல. உப்பா இருக்கும்னு நெனச்சு வாயில வச்சா நல்ல தண்ணி. மழைத் தண்ணி மணல்ல எறங்கி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்து நிக்குமாம், ஆழமாத் தோண்டினா உப்பு வந்துரும், அதனால மேலாப்புலதான் மொள்ளணும்னு சொன்னாங்க. அந்தத் தண்ணி இப்பவும் நாக்குல இருக்கு. ஆனா அந்த ஆச்சி கூப்பிடலைன்னா அன்னிக்கு நான் மணல்லயே விழுந்திருப்பேன், அதனாலதான் சொல்றேன், இன்னிக்கு வேண்டாம். தெம்பா இருக்கிற அன்னிக்குப் போங்க, தண்ணி பாட்டிலோட, காலைலயே.

மருந்துப்பை – ஞாயிறு காலை 7:20

எனக்கும் அதேதான் தோணுது. போகலேன்னா பாவம்னு ஒரு லிஸ்ட் வச்சுக்கிட்டு நேத்து விட்டதையும் சேத்து இன்னிக்கு முடிக்கணும்னு ஓடுனா இன்னிக்கும் கெட்டுப் போகும். தனியா வந்த பொண்ணு சும்மா உக்காந்திருந்தா என்ன ஏதுன்னு கேக்காத எடம் எதுன்னு பாருங்க. என் அனுபவத்துல கோயில் மூணாம் பிரகாரம்தான் அது. 1212 தூணு, ஏதாவது ஒரு தூணோரமா சாஞ்சு மணிக்கணக்கா உக்காருங்க, யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. கோயிலுக்குள்ள போனுக்குத் தடை, அதனால அங்க யாரு கையிலயும் போன் இருக்காது, நீங்க மட்டும் போன் இல்லாம இருக்கிற மாதிரித் தோணாது. மதியம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் நடை சாத்தியிருக்கும், அதை மட்டும் பாத்துக்கங்க.

2022 டிசம்பர்ல பாம்பன் பழைய பாலத்துல ரயிலை நிறுத்துனதுல இருந்து 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறக்குற வரைக்கும் ரயில்ல வந்தவங்க மண்டபத்துலயோ ராம்நாட்டுலயோ இறங்கி பஸ் மாறித்தான் போக வேண்டியிருந்துச்சு. அப்படி ஒரு விடிகாலை கொட்டுற மழைல சாம்பிள் பை பூரா நனைஞ்சு, பாக்க வேண்டிய டாக்டர் ரெண்டு பேரும் லீவு. அன்னிக்கு நான் செஞ்ச ஒரே வேலை பிரகாரத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்ததுதான்.

பாம்பன்காரன் – ஞாயிறு காலை 7:41

கோயில் வேண்டாம்னா எங்க ஊருக்கு வாங்க. டவுன் பஸ்தான், சீக்கிரம் வந்துரலாம். ரோட்டுப் பாலத்துல ஓரமா நடந்து நின்னா கீழ படகு போறதும் பக்கத்துல ரயில் பாலமும் தெரியும், காத்துக்குத் துப்பட்டாவைக் கட்டிக்கங்க. முட்டி வலிச்சா நடக்காதீங்க.

அடம்புக்கொடி – ஞாயிறு காலை 7:50

முட்டியை மறக்காதீங்க தோழி. மடக்க முடியாம வீங்கியிருந்தா ஆஸ்பத்திரில காட்டிட்டு அப்புறம் சுத்துங்க.

நூல்கண்டு – ஞாயிறு இரவு 8:30

ஒம்பது மணி வரைக்கும் தூங்கினேன். முட்டி நல்லாவே மடங்குது, நீலமா மட்டும் இருக்கு.

காலைல பாம்பன் போனேன். பாலத்துல கொஞ்ச நேரந்தான் நின்னேன், காத்து ஆளையே தள்ளுது. அப்புறம் கீழ கரைக்கு எறங்கினேன். கடலுக்குள்ள முங்கி கடல்பாசி எடுத்துட்டுக் கரையேறின அக்காங்க நாலஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க, புடவை மேல ஆம்பளைச் சட்டை, கண்ணாடி நெத்தியில ஏத்தி விட்டிருக்கு. ஒரு அக்கா விரல் ஒவ்வொண்ணுலயும் சுத்தியிருந்த துணியைப் பிரிச்சுட்டு இருந்தாங்க, அடியில தோலு வெள்ளையா ஊறிப்போய், பாறை கிழிச்ச கோடு கோடா இருந்துச்சு. எங்க கம்பெனில பீஸ் அடிக்கிற அக்காங்க விரல்ல பிளாஸ்திரி சுத்திட்டு வருவாங்க, அதே மாதிரி சுத்துதான். அதைச் சொன்னேன். "பனியன் கம்பெனியா, அங்க சம்பளம் எவ்வளவு"ன்னு கேட்டாங்க, சொன்னேன், அவங்க பாசிக்குக் கெடைக்கிற காசைச் சொன்னாங்க, நூலு, சாயம், பாசின்னு ஒரு மணி நேரம் பேசிட்டு இருந்தோம். தனியாவா வந்தேன்னு கேட்டாங்க, ஆமான்னேன். சரின்னுட்டு அடுத்த பேச்சுக்குப் போயிட்டாங்க.

மூணு மணிக்கு மேல கோயிலுக்குப் போய் சாமி பாத்தேன், பிரகாரத்துல உக்காந்தேன். நடுவுல கொஞ்சம் அழுகை வந்துச்சு, நேத்து மாதிரி இல்ல. போன் போனது போனதுதான், கடைல காட்டினேன், போர்டே போச்சுன்னுட்டாங்க. மெயிலுக்குப் பதில் இன்னும் வரல, நாளைக்கு 1915க்கு கூப்பிடப் போறேன். ராத்திரி ஆனதும் ரூமுக்குள்ள மறுபடியும் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.

நாளைக்கு ஒரு நாள் இருந்துட்டு செவ்வாய்க்கிழமை காலைலதான் ஊர் போய்ச் சேருவேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். லாத்தா, ராம்நாட்டுல இறங்கி கீழக்கரைக்கு பஸ் அடிக்கடி இருக்குங்களா? அம்மாவுக்கும் அண்ணனுக்கும் தொதல் வாங்கிட்டுப் போகணும்.

கீழக்கரை லாத்தா – ஞாயிறு இரவு 8:37

நெறைய இருக்கு தங்கம், பஸ் ஸ்டாண்டுலயே நிக்கும், அரை மணி நேரத்துல வந்துரலாம். வெயிலுக்கு முன்னாடி வெரசாக் கிளம்பி வா. தொதலு வாங்கும்போது அன்னைக்குக் கிண்டுனதான்னு கேட்டு, அதையே வாங்கு.